ஆதம்பாவா காக்காவும் பென்சில் நுழையாத துவக்கும்

செய்தி வந்தபோது நான் கல்முனைச் சந்தையில் சூடை மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரணத்தைச் சொல்லும் ஜனாஸா அறிவித்தல் போனது. முதல் தடவை பெயர் சரியாகக் கேட்கவில்லை. கேட்க நான் முயலவுமில்லை. மீன்காரர் விலையைக் குறைக்க மறுத்த கோபம் எனக்கு. இரண்டாம் தடவை, "முன்னாள் கந்தோர் கிளாக்கர் மீராசாகிபு ஆதம்பாவா" என்று கேட்டதும் கையிலிருந்த பை தானாகக் கீழே இறங்கியது. "என்னக்கா, மீன் வேணுமா வேணாமா?" என்றார் மீன்காரர். வேண்டாம் என்று சொன்னேனா, ஒன்றும் சொல்லாமல் நடந்தேனா என்று நினைவில்லை.

பாண்டிருப்பிலுள்ள என் வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றி, பஸ் பிடித்துத் திரும்பி வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மையவாடியிலிருந்து ஆண்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று பேராகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வருடம் ஒரே மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்த மனிதரின் முகத்தை ஒருமுறை பார்க்கக்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

நாற்பதாம் நாள் கத்தத்துக்கு ஒரு நினைவு மலர் போடப்போகிறோம், நீங்களும் ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கந்தோர் நண்பர்கள் கேட்டார்கள். நல்லதாக நாலு வார்த்தை போதும் என்றார்கள். நாலு வார்த்தையில் முடிகிற கதையல்ல என்னிடம் இருப்பது. அவரோடு வேலை செய்த நீங்கள் எல்லோரும் ஒரு விஷயத்தைப் பிழையாக அறிந்து வைத்திருக்கிறீர்கள். அதைத் திருத்தாமல் நான் அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுதினாலும் அது பொய்யாகிவிடும்.

எங்களுடையது துவக்கு அனுமதிப்பத்திரப் பிரிவு. காட்டோர வயல்வட்டைகளில் வேளாண்மை செய்கிறவர்கள் பன்றிக்கும் யானைக்கும் காவலாகத் துவக்கு வைத்திருப்பார்கள். வருடமொருமுறை அதைக் கந்தோருக்குக் கொண்டுவந்து காட்டி அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அண்ணன் என்ற முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிட்ட ஆதம்பாவா, துவக்கைப் பார்த்து விபரத்தைத் தமிழில் பதிவேட்டில் எழுதுவார். பிறகு அதையே இங்கிலீசில் அவர் சொல்லச் சொல்ல, பொலிஸ் கேட்கும்போது அனுப்புவதற்காகக் கந்தோரில் வைத்திருக்கிற சிறிய கார்டில் நான் தட்டச்சில் அடிப்பேன். கரையோரத்தில் இருந்த அத்தனை துவக்கையும் கீறல், வெடிப்பு, ஆணி உட்பட அவருக்குத் தெரியும். ஆனால் வாழ்நாளில் அவர் ஒரு வெடி வைத்ததில்லை. சத்தம் ஆகாது. ஒரு சித்திரை வருடப் பிறப்புக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பக்கத்து வளவில் சீனவெடி கொளுத்தியதும் கையிலிருந்த பலகாரத்தோடு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். காதெல்லாம் எண்ணெய். என் அம்மா சிரித்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அவருடைய வேலைமுறை என்னைப் போன்ற அவசரக்காரிக்குத் தண்டனை. பதிவேட்டில் ஒரு கட்டமும் வெறுமையாக இருக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். ஒருமுறை சம்மாந்துறைப் பக்கத்துப் போடியார் ஒருவர் இரட்டைக்குழல் துவக்கொன்றைக் கொண்டுவந்தார். இலக்கம் இருக்க வேண்டிய இடம் தேய்ந்துபோயிருந்தது. "இலக்கத்த விட்டுருங்க ஆதம்பாவா, அடுத்த வருசம் பாத்து எழுதலாம்" என்றார் போடியார். காக்கா அவருக்குத் தேநீர் எடுப்பித்துக் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும் முன்னே, "இலக்கம் தெரியாது. அரத்தால் தேய்த்த அடையாளம் உண்டு" என்று எழுதி மையும் ஒற்றிவிட்டார். போடியார் ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. நான் கேட்டேன், பெரிய மனிதரோடு ஏன் இந்த வீண் பகை என்று.

"வெறும் இடம் விடப்படா தங்கச்சி" என்றார். "தெரியாட்டி தெரியாதெண்டு எழுதோணும். நாம விட்ட இடத்தில நாளைக்கு ஆரும் எதையும் எழுதுவான்."

இந்த வார்த்தையை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அதைச் சொல்லிச் சொல்லி நாம் அவரைக் கேலி செய்திருக்கிறோம். மற்றவர்களைவிட நான்தான் அதிகம் செய்தேன்.

சூறாவளி அடித்ததே, அந்தக் கார்த்திகையில் கந்தோர்க் கூரை பறந்து கார்டுகள் முழுவதும் நனைந்துபோயின. கொடி கட்டி உலர்த்திப் பார்த்தோம். மை ஊறி ஒன்றும் வாசிக்கும்படி இல்லை. இரும்பு அலுமாரிக்குள் இருந்த பதிவேடு மட்டும் தப்பியது. அத்தனை கார்டையும் புதிதாக அடிக்க வேண்டியதாயிற்று. என் விரல்நுனிகள் அந்த நாட்களில் தடித்துப்போய்க் கிடந்தன. அந்த நேரத்தில்தான் உதுமாலெவ்வை வந்தார்.

சூறாவளியில் சுவர் விழுந்து அவருடைய வாப்பா மௌத்தாகிவிட்டார். இடிந்த வீட்டைக் கிளறியபோது, சாக்கில் சுற்றிக் கூரை வளையில் செருகியிருந்த வாப்பாவின் துவக்கு கிடைத்தது. அதைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். காட்டுக்குள்ளே அணைக்கட்டு வேலை நடந்த காலத்தில் வாப்பா ஒரு வெள்ளைக்காரச் சர்வேயருக்குக் காவற்காரராக இருந்தவராம். துரை ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். பழைய அனுமதிப்பத்திரத்தில் "ரைபிள் ஒன்று" என்பதைத் தவிர வேறு விபரம் எதுவும் இல்லை.

சாக்கை அவிழ்த்ததும் கந்தோரே எழுந்து நின்றது. எங்கள் ஆட்கள் கொண்டுவருகிற துவக்குகளைப் போல அல்ல அது. நீண்ட குழல், குழலின் நுனிவரை மரம், தோல்வார் பூட்டும் வளையம், பக்கத்தில் பிடித்து இழுக்கும் கைப்பிடி. ஆமிக்காரன் தோளில் தொங்குவது எதுவோ அதுவே மேசையில் கிடந்தது. "அல்லாவே, இத எங்க காக்கா வெச்சிருந்தீங்க?" என்று உதுமாலெவ்வையைக் கேட்டபடி பியோன் இரண்டடி பின்னால் போனார். உதுமாலெவ்வை பயந்துபோய், "சேர், வாப்பா இதால கிளிதான் விரட்டுவார். வேற ஒண்டும் செய்யல்ல" என்றார்.

ஆதம்பாவா காக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அரை மணித்தியாலம் பார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் குழல் வாயில் வைத்தார். பென்சில் உள்ளே போகவில்லை. திருப்பி அடிப்பக்கத்தை வைத்தார், அதுவும் போகவில்லை. மெல்லச் சிரித்தார். பிறகு கைப்பிடியை இழுத்து உள்ளே இருக்கும் உருளையை வெளியே எடுத்து, தோட்டாவைக் குத்துகிற ஊசி எந்த இடத்தில் எட்டிப் பார்க்கிறது என்று எனக்குக் காட்டினார். ஊசி நடுவில் இல்லை. ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது.

"பாத்தீங்களா தங்கச்சி? ஆமித் துவக்கில ஊசி தோட்டாட நடு முதுகிலதான் குத்தும். இது விளிம்பில குத்துது. விளிம்பில அடிச்சா வெடிக்கிறது சின்னத் தோட்டா மட்டுந்தான். பொயின்ட் டூ டூ. ஆள் பெரிசு, குரல் சின்னன்."

கந்தோர் முழுவதும் சிரித்தது. உதுமாலெவ்வைக்கு மூச்சு வந்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இனி இவர் இதை ஒரு கிழமைக்குக் குடைந்துகொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

நினைத்தது போலவே நடந்தது. குழலின் மேல் வெட்டியிருந்த அந்நிய எழுத்துகளை அவர் ஒரு கடதாசியில் பார்த்துப் பார்த்து வரைந்தார். சூறாவளி நிவாரணத்துக்காக வந்து வீடு கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்களில் ஒரு ஜேர்மன் பெண் இருந்தார். அவரைத் தேடிச் சைக்கிளில் போய்க் கையோடு கூட்டிவந்தார். அந்தப் பெண் எழுத்தை வாசித்து, இன்ன தோட்டா போட வேண்டும் என்றுதான் இதில் இருக்கிறது என்றார். துவக்கைக் கையில் எடுத்தார். தன் மூத்த அண்ணன் பள்ளிக்கூட மைதானத்தில் இப்படி ஒன்றைத் தூக்கித்தான் பழகினார் என்றார். நீளமும் பாரமும் பெரிய துவக்கினுடையது, தோட்டா மட்டும் சிறியது. பெரியதைக் கையில் கொடுக்கிற நாளில் கை பழகியிருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தார்களாம். பெரியதும் கொடுத்தார்கள், அண்ணன் திரும்பி வரவில்லை என்று சொல்லித் துவக்கை மேசையில் வைத்துவிட்டு, தேநீரும் குடிக்காமல் போய்விட்டார்.

அன்று பின்னேரம் முழுவதும் காக்கா உற்சாகம் இல்லாமல் இருந்தார். "இது ஆளக் கொல்லுற துவக்கில்ல தங்கச்சி. கொல்லப் பழக்கிற துவக்கு" என்று ஒருமுறை சொன்னார். சில வருடங்களின் பின் எங்கள் ஊர்களில் என்ன நடந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் அந்த வார்த்தை என் நினைவுக்கு வரும்.

அடுத்த கட்டம் மதிப்பு. உதுமாலெவ்வைக்கு இரண்டு சகோதரிகள். பங்கு பிரிப்பதற்காக வாப்பாவின் துவக்குக்கும் ஒரு விலை வேண்டும். கொழும்பில் துவக்கு விற்கிற ஒருவருக்குக் காக்கா தன் செலவில் கடிதம் போட்டார். மூன்று கிழமையால் பதில் வந்தது. இந்த நாட்டில் இதை வாங்க ஆள் இல்லை, தோட்டா கிடைப்பதும் அரிது, இரும்பாகத்தான் போகும். ஆனால் வெளிநாட்டில் பழைய துவக்குச் சேகரிக்கிறவர் ஒருவர் கண்டால் நல்ல விலை கொடுப்பார் என்று எழுதியிருந்தார். அவர் சொன்ன தொகைக்கு அன்று ஒரு சோடி உழவு எருமை வாங்கலாம். இரும்பா எருமையா என்று நான் கேலி செய்தேன். அவர் என்னை விட்டுவிட்டு உதுமாலெவ்வையைப் பார்த்து, "உங்களுக்கு இது என்ன பெறும்?" என்று கேட்டார்.

"வாப்பாட தோள்ல தொங்கினது சேர்" என்றார் உதுமாலெவ்வை. "அதுக்கு நான் என்ன விலை சொல்லுற?"

காக்கா தலையை ஆட்டிவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். அந்தப் பக்கத்தை எழுதி முடிக்க அவருக்கு ஒரு பகல் பிடித்தது. மூன்று மதிப்பையும் எழுதினார். எந்தத் துவக்குக்கும் அவர் அவ்வளவு நீளமாக எழுதியதில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பக்கத்தை அவர் இங்கிலீசில் சொல்ல, நான் கார்டில் அடித்தேன். கார்டு உள்ளங்கை அளவு. ஒரு கமா விடுபட்டது என்று முதல் கார்டைத் திருப்பித் தந்தார். இரண்டாவது கார்டில் கடைசி வரி ஓரத்தில் ஏறிவிட்டது என்று திருப்பித் தந்தார். எனக்குத் தலை விறைத்தது. பக்கத்தில் அடிக்க வேண்டிய கார்டுகள் குவிந்து கிடந்தன. இந்த மனிதர் ஒரு கிளி விரட்டுகிற துவக்குக்கு என்னை மூன்றாம் முறை அடிக்கச் சொல்கிறார். மூன்றாம் கார்டில் முதல் இரண்டு வரியை அடித்தேன். "ரைபிள் ஒன்று. ஜேர்மன் இராணுவ ரைபிளின் வடிவம், அதே நீளம், அதே பாரம்." அடித்து ஒரு முற்றுப்புள்ளி போட்டேன். மிச்சத்தை விட்டேன். மறதி அல்ல, கோபம். வேண்டுமென்றே விட்டேன். பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லிவிட்டது. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தவர், நின்ற நிலையிலேயே கார்டை வாங்கி, வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். நானறிய அவர் வாசிக்காமல் கையெழுத்து வைத்த தாள் அது ஒன்றுதான். கார்டின் அடியில் வழக்கம்போல, அடித்தவர் யார் என்று காட்டும் என் பெயரின் இரண்டு எழுத்துகளும் இருந்தன.

நான் அடித்த இரண்டு வரியிலும் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது.

ஐந்து வருடத்துக்கு மேல் அந்தக் கார்டு ஒருவருக்கும் ஒரு கேடும் செய்யாமல் கிடந்தது. பிறகு சண்டை தொடங்கிக் காலம் கெட்டது. அனுமதி பெற்ற துவக்குகள் அனைத்தையும் ஒப்படைக்க வேண்டும் என்று கட்டளை வந்தது. எங்கள் கார்டுகளையும் வாங்கிக்கொண்டு போனார்கள். வேளாண்மைக்காரர்கள் வரிசையில் நின்று ஒப்படைத்தார்கள். உதுமாலெவ்வையும் தன் துவக்கை அதே சாக்கில் சுற்றி, தானாகவே கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே இருந்தவர்கள் சாக்கை அவிழ்த்துப் பார்த்தார்கள், கார்டை எடுத்துப் பார்த்தார்கள். துவக்கு ஆமித் துவக்கு மாதிரி இருந்தது. கார்டும் அப்படியே சொன்னது. அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

இது எங்களுக்குத் தெரியாது. மூன்றாவது கிழமை அவருடைய மனைவி கந்தோருக்கு வந்தார். எத்தனையோ வாசல் ஏறி இறங்கியபின், கடைசியாகத்தான் எங்களிடம் வந்திருந்தார். "துவக்கக் குடுக்கப் போன மனிசன் சேர். குடுத்தித்து வாறன் எண்டுதான் போனார். சோத்த மூடி வெச்சிருந்தன்" என்றார். ஆதம்பாவா காக்கா அவரைக் கதிரையில் இருத்திவிட்டு நேராக அலுமாரிக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்தார். கார்டில் நம் இரண்டு பேரின் அடையாளமும் இருப்பதால் அவரைப் பிடித்து வைத்திருப்பவர்கள் நம் இரண்டு பேரையும் கேட்பார்கள், நீங்களும் வாருங்கள் என்றார். கார்டில் என்ன இருக்கிறது என்று அந்தக் கந்தோரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த இடத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. மேசைக்கு அப்பால் ஓர் அதிகாரி இருந்தார். மேசையில் துவக்கு, அதன் மேல் கார்டு. காக்கா பதிவேட்டை விரித்து, ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் மாற்றிச் சொன்னார். அதிகாரி நம்பவில்லை. காக்கா பென்சிலை எடுத்துக் குழல் வாயில் வைத்தார். அது நுழையவில்லை. உங்களிடம் இருக்கிற ஆமித் துவக்கில் வைத்துப் பாருங்கள் என்று பென்சிலை நீட்டினார். காவலுக்கு நின்றவனின் துவக்கில் வைத்தார்கள். பென்சில் உள்ளே போய்விட்டது. பிறகு உருளையை எடுத்து ஊசி நிற்கிற இடத்தைக் காட்டினார். சீனவெடிக்குக் காது பொத்துகிற மனிதர், தோளில் துவக்கோடு நின்றவர்களின் நடுவில் அப்படி நின்று காட்டினார்.

அதிகாரி பதிவேட்டையும் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இவ்வளவும் இதில் இருக்கிறதே, கார்டில் ஏன் இல்லை என்று கேட்டார். கார்டின் அடியிலிருந்த எழுத்துகளில் விரலை வைத்து, இது யார் என்று கேட்டார். அவருடைய கண் என் பக்கம் வந்தது.

காக்கா சொன்னார்: அவர் தட்டச்சுக்காரி. நான் சொல்வதைத்தான் அடிப்பார். மிச்ச வரிகளைச் சொல்லாமல் விட்டது நான். கையெழுத்து என்னுடையது, பிழையும் என்னுடையது.

இது சிங்களத்தில் நடந்தது. எனக்குச் சிங்களம் தெரியாது என்பது கந்தோரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அரசகரும மொழிப் பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டவள் நான். ஆனால் பரீட்சைக்கு எழுதத்தான் தெரியாதே தவிர, காதில் விழுந்தால் விளங்கும். அந்தப் பேச்சு ஒரு சொல் மிச்சமில்லாமல் எனக்கு விளங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உதுமாலெவ்வையை அன்று பின்னேரம் விட்டார்கள். ஒப்படைத்த துவக்குக்கு ஒரு பற்றுச்சீட்டும் எழுதினார்கள். அதில் மதிப்பு என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. காக்கா அதிகாரியிடமே பேனையை இரவல் வாங்கி, பதிவேட்டில் இருந்தபடி மூன்று மதிப்பையும் சின்ன எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தத் துவக்கு திரும்பி வராது என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது வரவுமில்லை.

திரும்பும் பஸ்ஸில் நான், "அவர் என்ன காக்கா கேட்டவர்?" என்றேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"பென்சிலப் பத்தித்தான் தங்கச்சி" என்றார். "வேற ஒண்டுமில்ல."

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். விளக்கம் கேட்டுக் கடிதமும், அதோடு அந்தக் கார்டும் வந்தன. காக்கா அதே பிழையை எழுத்திலும் ஒப்புக்கொண்டார். சம்பள உயர்வு நின்றது. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரத்துக்கு மாற்றினார்கள். சலரோகக்காரர், காலில் புண்ணோடு போய்வந்தார். "ஆதம்பாவாவுக்கும் கடைசியில் கை தவறிவிட்டது" என்று நீங்கள் கதைத்தீர்கள். நானும் அந்த இடத்தில் இருந்தேன், கேட்டுக்கொண்டு இருந்தேன். போவதற்கு முன் அவர் அந்தக் கார்டில் விடுபட்ட வரிகளைத் தன் கையால் நுணுக்கி எழுதி, "என் கவனக்குறைவால் விடுபட்டது" என்று கையெழுத்தும் வைத்துவிட்டுப் போனார். மேசை இலாச்சியைத் திறக்கும்போதெல்லாம் அது என் கண்ணில் பட்டது. நான் கார்டுகளின் ஒழுங்கை மாற்றி அதை அடியில் வைத்தேன்.

உதுமாலெவ்வைக்கு அந்த மூன்று கிழமையில் இடக்காது போய்விட்டது. எப்படிப் போனது என்று அவரும் சொன்னதில்லை; ஒருவரும் கேட்டதுமில்லை. அந்தப் போகம் காவலில்லாத அவருடைய வயலைப் பன்றி உழுதுவிட்டது.

ஜனாஸா வீட்டில், கணவனை இழந்தவர் ஒதுங்கியிருக்கும் இத்தாவுக்கென்று உள்ளறையில் வெள்ளையுடுத்தி இருந்த அவருடைய மனைவியிடம் போய் இருந்தேன். அவரை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு சொன்னார்:

"உங்கட பேரச் சொல்லாத நாள் இல்ல புள்ள. அந்தக் கார்டு விசயத்த எனக்கு மட்டும் சொன்னவர். 'அந்தப் புள்ள எப்பயோ அடிச்சது, அதுக்கு நெனவிரிக்காது. தன்னாலதான் நடந்ததெண்டு தெரிஞ்சா தாங்காது. நீ மௌத்தாகும்வரைக்கும் வாயத் திறக்கப்படா' எண்டவர். இப்ப அவரே பொயித்தார். எனக்கு இத வெச்சிக்கொண்டு இரிக்க ஏலாம இரிக்கி."

எனக்குத் தெரியாது என்று நம்பி அவர் மறைத்தார். அவர் அப்படியே நம்பட்டும் என்று, எனக்குத் தெரியும் என்பதை நான் மறைத்தேன். ஒரே மேசையில் எதிரெதிரே இருந்து, ஒரே போத்தல் மையைத் தொட்டு எழுதிக்கொண்டு, இதைத்தான் செய்துகொண்டிருந்தோம். நான் மதினியின் மடியில் முகத்தை வைத்து அழுதேன். என்ன அழுகை அது என்று அவருக்கு விளங்கியதோ என்னவோ.

வெளியே வந்தபோது பந்தலுக்குக் கீழே உதுமாலெவ்வை தனியாக இருந்தார். நரைத்துப் போயிருந்தார். பக்கத்துக் கதிரையில் இருந்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் முன்னால் பார்த்தபடி, "ஓம், நல்ல மனிசன். அவர் இல்லாட்டி நான் இல்ல" என்றார். அப்போதுதான் கவனித்தேன், நான் இருந்தது இடப்பக்கம். எழுந்து மற்றப் பக்கம் போய்ச் சொல்லியிருக்கலாம். கதிரை கூடக் காலியாக இருந்தது. நான் போகவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

இதை எழுதத் தொடங்கியபிறகு அப்படி விட முடியவில்லை. அச்சில் பார்த்து அவர் அறியக் கூடாது. போன வெள்ளிக்கிழமை பின்னேரம் அவருடைய வீட்டுக்குப் போனேன். வலப்பக்கம் இருந்தேன். கார்டை அடித்ததும் வரிகளை விட்டதும் நான், கோபத்தில் விட்டேன், ஆதம்பாவா காக்காவுக்கு அதில் பங்கில்லை என்றேன். அவருடைய மனைவி அடுப்படி வாசலில் கையிலிருந்த சுளகோடு நின்றுவிட்டார். உதுமாலெவ்வை வளவைப் பார்த்தார். பிறகு, "அவர் எழுதினத முழுசாச் சொல்லுங்க" என்றார்.

காக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு பக்கம்தான். தாளாக அல்ல, மனதில். எனக்குப் பாடமில்லாத ஒரு வரியும் அதில் இல்லை. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் இங்கே எழுதுகிறேன்:

"ரைபிள் ஒன்று. ஜேர்மன் இராணுவ ரைபிளின் வடிவில், அதே நீளத்தில், அதே பாரத்தில் செய்யப்பட்டது. குழலின் துவாரம் பென்சில் நுழையாத அளவு. ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிக்கும், நடுவில் அடிக்காது. ஆகவே பொயின்ட் டூ டூ சிறு தோட்டாவைத் தவிர வேறெதையும் வெடிக்க வைக்காது. பழகுவதற்காகச் செய்யப்பட்டது. வயலில் கிளி விரட்ட உதவும். பன்றிக்குப் போதாது. மதிப்பு: இங்கே இரும்பின் விலை. கடல் கடந்தால் ஒரு சோடி உழவு எருமையின் விலை. உடையவருக்கு இதன் மதிப்பு என்னவென்று எனக்குத் தெரியாது."

உதுமாலெவ்வை வலக்காதை என் பக்கம் திருப்பி, கடைசி வரிவரை கேட்டார். "ஓம்" என்றார். "வாப்பாட துவக்குத்தான்."

அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார், குடித்தேன். வாசல்வரை இருவரும் வந்தார்கள். உதுமாலெவ்வை என்னை மன்னித்தாரா இல்லையா என்று தெரியாது. தெரியாது என்றே எழுதியிருக்கிறேன், காக்கா. வெறும் இடம் விடவில்லை.